எத்தனை பேர் வந்தாங்க எண்டத மட்டும் எண்ணினா காணாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மாசம் பிறந்தா பேப்பர்ல ஒரு செய்தி தவறாம வரும், போன மாசம் இலங்கைக்கு இத்தனை ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் வந்திருக்காங்க, போன வருசத்த விட இத்தனை வீதம் கூட எண்டு. செய்தி போடுறது பிழை எண்டு நான் சொல்ல வரல்ல. ஆனா அந்த ஒரு இலக்கத்த வச்சே நாடு எழும்பிட்டு எண்டு அமைச்சர்மார் பேசுறாங்க, சனமும் நம்புது. நான் மட்டக்களப்பு மாவட்டத்துல கல்குடாப் பக்கத்து ஆள். யுத்தம் முடிஞ்ச பிறகு பாசிக்குடாவுல ஹொட்டேல்கள் வரத் தொடங்கின காலத்துல இருந்து எல்லாத்தையும் கிட்ட நிண்டு பாத்துக்கொண்டு வாறதால இதப்பத்தி எழுதியே ஆகணும் எண்டு இருக்கு.

கணக்க எடுப்பம். 2018ல 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர் வந்தாங்க, வருமானம் 438 கோடி டொலர். 2024ல 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர், வருமானம் 317 கோடி டொலர் அளவுல. தலைக்குப் பிரிச்சுப் பாத்தா 2018ல ஒரு ஆள் 1,870 டொலர் வரையில விட்டுட்டுப் போயிருக்கார், 2024ல 1,540 டொலர்தான். ஆக்கள் திரும்பி வந்த அளவுக்கு காசு திரும்பி வரல்ல. ரூபா விழுந்ததுல அவங்களுக்கு எங்கட நாடு மலிஞ்சு போச்சு, நாங்க அதையே வெற்றி எண்டு சொல்லிக்கொண்டு இருக்கம். வாற பேர் திரும்பக் கூடி, தண்ணிச் செலவும் குப்பையும் அதோட கூடி, ஆனா ஆளுக்கு வாற காசு குறையுது எண்டா அந்த வியாபாரத்துல எங்கயோ ஓட்டை இருக்குதானே.

டொலர் தேவையில்ல எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டம். 2022ல காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில நிண்ட ஆக்கள்தான் நாங்க, நாடு கடன் கட்ட ஏலாது எண்டு கைய விரிச்சதையும் கண்டம். வெளிநாட்டுல வேலை செய்ற எங்கட ஆக்கள் அனுப்புற காசு, கார்மெண்ட்ஸ், அதுக்கு அடுத்ததா சுற்றுலா, இந்த மூண்டுலதான் நாட்டுக்கு பெரிய அளவுல டொலர் வருது. ஆனா இந்த மூண்டுக்குள்ள சுற்றுலாதான் ஒரு நாள்ல நிண்டு போகக்கூடியது. 83 கலவரத்தோட விழுந்துது, பிறகு சுனாமி, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, அடுத்த வருசமே கொரோனா. 2021 முழு வருசத்துக்கும் வந்தது ரெண்டு இலட்சம் பேர்கூட இல்ல. எங்கட சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன் 2018 கடைசியில லீசிங்ல வான் எடுத்தான், ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஓட்டம் இல்ல, தவணை கட்ட தாயிட காப்ப அடகு வச்சான், கொரோனா வந்த பிறகு அதுவும் முடிஞ்சுது, கடைசியில கொம்பனி வானத் தூக்கிக்கொண்டு போயிட்டு. அவன் இப்ப கட்டார்ல. ஹொட்டேல் கொம்பனிகளுக்கு பாங்க்ல கடன் தள்ளிப்போட்டுக் குடுத்தாங்க, இவன மாதிரி ஒரு வானோட நிண்ட ஆக்கள் சலுகை எண்டு கேட்டு ஒபிசுக்கு ஒபிசு அலைஞ்சதுதான் மிச்சம். சுற்றுலாவ நம்பி நாட்ட கட்டப்போறம் எண்டு சொல்ற ஆக்கள் இப்படி விழுற நேரத்துல கீழ நிக்கிறவன ஆர் பிடிக்கிறது எண்டதையும் சேத்துச் சொல்லணும்.

இனி பாசிக்குடாவுக்கு வாறன். தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், இது அலையே இல்லாத குடா, கனதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணிதான், சின்னப் புள்ளைகளையும் பயமில்லாம இறக்கலாம். யுத்தத்துக்கு முதலும் இஞ்ச ஹொட்டேல் இருந்துது, பிறகு எல்லாம் அழிஞ்சு கிடந்துது. 2009க்குப் பிறகு அரசாங்கம் குடாவச் சுத்தி காணிய துண்டு துண்டா பிரிச்சு கொம்பனிகளுக்கு குத்தகைக்குக் குடுத்துது. பத்துக்கு மேல ஹொட்டேல், வரிசையா, ஒவ்வொண்டும் மதிலுக்குள்ள. உள்ளுக்க போற ஆள் சாப்பிடுறது, குளிக்கிறது, மசாஜ் செய்றது, டூர் போறது எல்லாம் உள்ளுக்கயே முடிஞ்சுரும், வெளியில வந்து ஒரு இளநி குடிக்கவேண்டிய தேவைகூட அவருக்கு இல்ல. வாழைச்சேனை ரவுண் அங்கால கொஞ்ச தூரத்துலதான் இருக்கு, வெள்ளைக்காரர் அங்க கடைக்குள்ள ஏறி சாமான் வாங்குறத நான் கண்டது மிச்சம் குறைவு.

மீன்பிடிக்கிற ஆக்களிட கதை இன்னும் மோசம். முந்தி குடா முழுக்க அவங்கட கரைதான், எங்க வேணும் எண்டாலும் தோணிய இழுத்து வைப்பாங்க, வல காயப்போடுவாங்க. இப்ப ஒரு மூலைக்கு ஒதுக்கியாச்சு. கடற்கரை சட்டப்படி எல்லாருக்கும் பொது, ஆனா கரைக்குப் போற வழி ரெண்டு மதிலுக்கு இடையில போகுது எண்டா அந்தப் பொது எவ்வளவு காலத்துக்கு?

ஹொட்டேல்ல வேலை கிடைச்சுதுதானே எண்டு கேப்பாங்க. கிடைச்சுது, இல்ல எண்டு சொல்லல்ல. கார்டன், ரூம் கிளீனிங், செக்யூரிட்டி, கிச்சன்ல பாத்திரம். மேல இருக்கிற வேலைக்கு வெளியில இருந்துதான் ஆக்கள் வாறாங்க. சம்பளத்த விட, பில்லோட சேத்து வாங்கி வேலையாட்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற சேர்விஸ் சார்ஜ்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெருசு, அது ஹொட்டேல் நிறைஞ்சாத்தான் வரும். கிழக்குல சீசன் சித்திரையில தொடங்கி புரட்டாதியோட முடிஞ்சுரும், பிறகு மாரி, கடலும் கலங்கும். அந்த மாசங்கள்ல சேர்விஸ் சார்ஜ் கையில எண்ணுற அளவுக்குத்தான் வரும், சில பேர லீவு எண்டு சொல்லி வீட்டுக்கும் அனுப்புறாங்க. எங்கட பக்கம் பொம்பளப் பிள்ளைகள ஹொட்டேல் வேலைக்கு அனுப்ப வீட்டுல விரும்புறதும் இல்ல, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பாதுகாப்பா வீட்டுக்குக் கொண்டு விட ஒரு வான் இருந்தா பாதி வீட்டுல மனம் மாறும் எண்டு நான் நினைக்கிறன், ஆனா அதக்கூட செய்யாம எங்கட சமூகம் பின்தங்கினது எண்டு கூட்டங்கள்ல பேசுறாங்க. பாசிக்குடாவுலயே ஹொட்டேல் ஸ்கூல் கிளை இருக்கு. அதுல எங்கட பிள்ளைகள சேத்து, இங்கிலீசும் சேத்து படிப்பிச்சு, படிச்சு முடிஞ்சா இந்த ஹொட்டேல்ல இந்த வேலை எண்டு முதலே ஒப்பந்தம் போட ஏலாதா?

சாப்பாட்டு விசயத்தையும் சொல்லணும், காசு எங்கால போகுது எண்டது இதுலதான் வடிவா விளங்கும். எங்கட மாவட்டத்துல நெல்லு இருக்கு, எருமத் தயிர் இருக்கு, கடல் மீன், வாவி இறால், நண்டு எல்லாம் இருக்கு. அப்படி இருந்தும் ஹொட்டேல் லொறி மரக்கறிக்கு தம்புள்ளைக்குப் போகுது, மற்ற சாமான் கொழும்புல இருந்து வருது. ஒரு ஹொட்டேல்ல சாமான் வாங்குற பொறுப்புல இருந்த தம்பிட்ட கேட்டன் ஏன் இப்படி எண்டு. அவர் சொன்ன காரணம் நியாயமானது: ஒவ்வொரு நாளும் ஒரே அளவு மீன், ஒரே சைஸ், ஐஸ் போட்டு வரணும், பில் வேணும், காசு ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் குடுப்பாங்க. தோணிக்காரனுக்கு அண்டைக்கு பின்னேரமே காசு வேணும், எண்ணெய்க்கும் வீட்டுச் செலவுக்கும். இடையில ஒரு கூட்டுறவுச் சங்கம் நிண்டு மீனுக்கு உடன காசு குடுத்து, ஐஸ் அறையில வச்சு, தரம் பிரிச்சு ஹொட்டேலுக்கு பில் போட்டா முடிஞ்சுது. மீனவர் சங்கங்கள் ஏற்கனவே இருக்கு, அவங்களுக்கு ஒரு ஐஸ் அறையும் சுழற்சிக் கடனும்தான் தேவை. வெளிநாட்டுல விளம்பரத்துக்குச் செலவழிக்கிற காசோட பாத்தா இது ஒரு தொகையே இல்ல.

உல்லைய பாருங்க. பொத்துவில் பக்கம், அறுகம்குடா எண்டு உலகம் முழுக்கத் தெரிஞ்ச இடம். அத அரசாங்கம் பிளான் போட்டு உண்டாக்கல்ல. சர்ஃபிங் செய்ற வெள்ளக்காரர் வந்து தங்க, பொத்துவில் ஆக்கள் வீட்டுல ஒரு அறை, பிறகு ரெண்டு கபானா, ஒரு சாப்பாட்டுக்கடை எண்டு தாங்களாவே கட்டினது. சுனாமி அடிச்ச பிறகு கரையில இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள, கிழக்குல 200 மீற்றர், வீடு கட்ட ஏலாது எண்டு சட்டம் போட்டு, ஆனா ஹொட்டேல்களுக்கு விலக்கு குடுத்தாங்க, அறுகம்குடாவையே பெரிய சுற்றுலா வலயமா மாத்த ஒரு திட்டமும் வந்துது. அங்கத்த சனம், முக்கியமா மீன்பிடிக்கிற ஆக்கள், ரோட்டுக்கு இறங்கி எதிர்த்தாங்க. அதாலதான் இண்டைக்கும் அங்க தோணியும் சர்ஃப் போர்டும் ஒரே கரையில நிக்குது. கெஸ்ட் ஹவுஸ் சொந்தக்காரர் ஊர் ஆள், ஓட்டோக்காரர் ஊர் ஆள், சர்ஃப் படிப்பிக்கிற பொடியன்மாரும் ஊர்ப் பொடியன்மார், 2018ல தமிழ், முஸ்லிம், சிங்களப் பொம்பளைகள் சேந்து நாட்டுல முதலாவது பெண்கள் சர்ஃப் கிளப்பையும் அங்கதான் தொடங்கினாங்க. அங்கயும் பிரச்சினை நிறைய இருக்கு, குப்பை, இரைச்சல், சுற்றுலா விசாவுல வந்து வியாபாரம் செய்ற ஆக்கள், எல்லாம் உண்மை. ஆனா ஒரு ஆள் அங்க செலவழிக்கிற நூறு டொலர்ல கனக்க ஊருக்குள்ளயே சுத்துது. பாசிக்குடாவுல அதே நூறு டொலர் கொழும்புல இருக்கிற ஹெட் ஒபிசுக்கும் ஒன்லைன் புக்கிங் கொம்பனிக்கும் போனதுக்குப் பிறகு மிஞ்சுறதுதான் எங்களுக்கு.

மாலைதீவு மாதிரி வருவம் எண்டு மேடைக்கு மேடை சொல்றாங்க. அங்க ஐஞ்சு இலட்சம் அளவு சனம், 2024ல வந்த பயணிகள் 20 இலட்சத்துக்கு மேல. இஞ்ச கிட்டத்தட்ட அதே அளவு பேர்தான் வாறாங்க, சனம் ரெண்டு கோடிக்கு மேல. அதே காச இத்தனை பேருக்குப் பிரிச்சா அந்த வாழ்க்க எப்படி வரும்? அதோட அவங்களும் ஒரு தீவுக்கு ஒரு ரிசோட் எண்டு நாப்பது வருசத்துக்கு கிட்ட இருந்துட்டு, சாதாரண சனத்துக்கு காசு போய்ச் சேரல்ல எண்டுதான் சனம் இருக்கிற தீவுகள்ல கெஸ்ட் ஹவுஸுக்கு அனுமதி குடுக்கத் தொடங்கினாங்க. நாங்க அவங்கட பழைய பாடத்த இப்ப புதுசா எடுத்துப் படிக்கத் தேவையில்ல. எடுக்கிறதா இருந்தா இத எடுங்க: ரிசோட்ல தங்குற ஆளுக்கு ஒரு ராவுக்கு 6 டொலர் பசுமை வரி வச்சிருந்தாங்க, 2025 ஜனவரியில இருந்து அது பொதுவா 12 டொலர், அந்த வரி குப்பை, தண்ணி, சுற்றாடல் வேலைக்கு எண்டு வச்சிருக்கிறது. இஞ்சயும் சுற்றுலா அபிவிருத்தி வரி எண்டு பதிஞ்ச இடங்கள்ட்ட விற்பனையில 1 வீதம் எடுக்கிறாங்க, அது கொழும்புக்குப் போகுது. குப்பைய அள்ளுறது எங்கட பிரதேச சபை, அவங்களுக்கு ட்ரக்டருக்கு டீசல் அடிக்க காசு இல்ல. அந்த வரியில ஒரு பங்கு, எந்த ஊர்ல எடுத்தீங்களோ அந்த ஊர் சபைக்கு நேரா வரணும், இதுதான் என்ட முதல் கோரிக்கை.

ரெண்டாவது தண்ணி. கரையோர மணலுக்குள்ள நல்ல தண்ணி மெல்லிசாத்தான் கிடக்கும், அதிகம் இழுத்தா கீழ இருந்து உப்பு ஏறும், ஏறினா லேசுல இறங்காது. தேசிய சுற்றாடல் சட்டத்துல 99 அறைக்கு மேல போற ஹொட்டேலத்தான் சுற்றாடல் மதிப்பீடு செய்யவேண்டிய பெரிய திட்டம் எண்டு கணக்கெடுக்கிறாங்க, கரையோர வலயத்துக்குள்ள எண்டா மதிப்பீடு வேணுமா இல்லையா எண்டு கரையோரம் பேணல் திணைக்களம் தீர்மானிக்கும். பாசிக்குடாவுல பல ஹொட்டேல் 99க்கு கீழ. ஒவ்வொண்டா பாத்தா சின்னதுதான், எல்லாம் சேந்து குடிக்கிறது ஒரே நிலத்தடித் தண்ணிய. அதால இனி ஒரு குடாவுல எத்தனை அறை மொத்தமா தாங்கும் எண்டு முதல்ல பாத்துட்டுத்தான் அடுத்த ஹொட்டேலுக்கு அனுமதி குடுக்கணும்.

கடைசியா உங்களிட்ட ஒரு விசயம் கேக்கிறன் ஆசிரியர் ஐயா. ஒரு திட்டத்துக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தா சனம் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கு, அறிவித்தலும் பேப்பர்ல தமிழ்ல வரும். ஆனா அது உள்பக்கத்துல கேள்விப்பத்திர (டெண்டர்) அறிவித்தல்களுக்கு நடுவுல சின்ன எழுத்துல கிடக்கும், தோணிக்காரர் ஒருத்தரும் அத வாசிக்கிறதில்ல, வாசிச்சாலும் அறிக்கைய எந்தக் கந்தோர்ல போய்ப் பாக்கிறது எண்டு தெரியாது. கிழக்குக் கரையில எந்த இடத்துக்கு இப்படி அறிவித்தல் வந்தாலும் அத ஒரு செய்தியா, ஊர்ப் பேரோட, கடைசித் திகதியோட, அறிக்கை வச்சிருக்கிற கந்தோரிட விலாசத்தோட மாவட்டச் செய்திப் பக்கத்துல போடுங்க. போட்டா எங்கட மீனவர் சங்கத்துல அத வாசிச்சுக் காட்டுறதுக்கும், அவங்க சொல்றத எழுதிக் குடுக்கிறதுக்கும் நான் இருக்கிறன்.

இப்படிக்கு,
கல்குடா வாசகர் ஒருவர்