தமிழ் படிக்க ஒரு வருடம் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யார் கொடுக்கிறார்கள், எப்படி விண்ணப்பிப்பது எல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் ஊரில் இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். சின்ன வயதில் என்னிடம் அ, ஆ படித்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வளர்ந்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பெண்களைப் பற்றிய ஆய்வு. மூன்று வருடத்துக்கு உதவித்தொகையும் கிடைத்தது. தெருவே சந்தோஷப்பட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவள், ஒரு நாள் மாலை போனை நீட்டி, "ஆன்ட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். ஆங்கிலக் கோப்பு ஒன்றின் பின்னால் குத்தி வைத்திருந்த சின்னத் தமிழ்க் கடுதாசியின் படம் அது. புள்ளியே இல்லாத பழைய கையெழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. எண்களெல்லாம் தமிழ் எண்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் "சுபகிருது ஆவணி" என்று இருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, சுபகிருது என்பது யாரோ ஒருவரின் பெயர் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள். உண்மையில் அது தமிழ் வருடத்தின் பெயர், 1902ஆம் வருடம்.

இத்தனை வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த எனக்கே அதைப் படித்து முடிக்க மூன்று மாலை ஆயிற்று. ஆங்கிலக் கோப்பில் ஒரே வரிதான்: இந்த ஆள் லீவு கேட்கிறான். தமிழில் அவன் எழுதியது பதினோரு வரி. பெண்சாதி இறந்துவிட்டாள், கருமாதிக்கு இரண்டு நாள் வேண்டும், அதற்கு இரட்டைப் பிடித்தம் போட வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறான். வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடிக்கிற வழக்கம் அன்றைக்குத் தோட்டங்களில் இருந்தது. கடைசி வரியில் அந்த அம்மாவின் பெயரும் பிறந்த ஊரும். கப்பல் பதிவேட்டில் வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி, அடையாளமே தெரியாமல் போயிருந்த ஊர் அது. பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறவளுக்கு அந்தக் கடுதாசி ஒரு அத்தியாயத்துக்குச் சமம். அது அவள் கையில் கிடைத்தபோது மூன்றாம் வருடம் பாதி ஓடிவிட்டது. அந்த டிசம்பரில் பணம் நின்றது. காலநீட்டிப்பு கேட்டு எழுதினாள், விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் எழுதுகிறாள்.

இதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பாட்டி தமிழ் பேசினார், அம்மா காதால் கேட்டார், இவளுக்குத் தேவாரம் பாட மட்டும் தெரியும். ஒரு காலத்தில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பாடம் இருந்தது, என் வயதுக்காரர்கள் சிலர் அங்கே படித்தார்கள். இவளுக்கு அந்த வழியும் இல்லை.

ஆனால் படிக்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது! 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னையில் கப்பலேறியவர்கள், அவர்களில் தமிழரும் தெலுங்கரும் உண்டு. முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங், அதாவது வருடத்துக்கு ஆறு பவுன். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே சுதந்திரமாக இருக்க நினைத்தவர்கள் தலைக்கு வருடம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். முதல் வருடக் கூலியில் சரிபாதி! இந்த வரியை மக்கள் தங்கள் வாயால் எப்படிச் சொன்னார்கள், எப்படித் திட்டினார்கள் என்பது தமிழில்தான் இருக்கும். 1903இல் இங்கே தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் முதல் சில வருடங்கள் தமிழ்ப் பக்கங்கள் வந்தன. பி. எஸ். ஐயர் 1908இல் ஆரம்பித்த ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள் பத்திரிகையிலும் தமிழ் இருந்தது. ஆங்கிலப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். தமிழ்ப் பக்கங்களை யார் படிப்பது?

சரி, தமிழ்நாட்டு மாணவர்கள் வந்து படிக்கட்டுமே என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்க வைப்பேன். ஆனால் அங்கே தேசியத் தகுதித் தேர்வு எழுதி உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. அதில் வாடகையும் சாப்பாடும் போக, டர்பனுக்கு டிக்கெட் வாங்கி மாதக்கணக்கில் தங்க முடியுமா? இங்கே தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் முனைவர் பட்ட உதவித்தொகையில் வெளிநாட்டவருக்கு ஒதுக்குவது மிகச் சிறிய பங்கு. தமிழ் தெரிந்தவருக்கு இங்கே வரப் பணமில்லை, இங்கே இருப்பவருக்குத் தமிழ் கற்கக் காலமில்லை.

அதனால் உதவித்தொகை கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். தமிழ் ஆவணங்களை வைத்து ஆய்வு செய்கிறவருக்கு, மூன்று வருடம் எண்ண ஆரம்பிக்கும் முன்னால், மொழிக்கென்று ஒரு முழு வருடம் உதவித்தொகையோடு கொடுங்கள். அதில் பாதியாவது தமிழ்நாட்டில் கழியட்டும். எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்துக் காகிதங்களையும் பார்த்துக்கொள்ளலாம், பழைய கையெழுத்தும் பழகும். எங்கள் அரசியல் சட்டமே போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே இது சலுகை கேட்பது ஆகாது. அப்புறம், விண்ணப்பிக்கும்போது 32 வயதுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அறக்கட்டளை விதியையும் இவர்களுக்குத் தளர்த்த வேண்டும். வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு தமிழும் கற்று வருகிறவர் முப்பதைத் தாண்டித்தான் இருப்பார்.

தமிழக அரசுக்கும் ஒரு வார்த்தை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 10 கோடி ரூபாய் கொடுத்தீர்கள், மகிழ்ச்சி. அதில் சிறு பங்கு போதும், வருடத்துக்கு ஒரு தமிழ்நாட்டு மாணவர் டர்பனுக்கும் ஒரு டர்பன் மாணவர் சென்னைக்கும் போய்வர. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஒருவர் தமிழ் வரியைப் படிப்பார், மற்றவர் அந்தத் தோட்டம் எது, அந்த ஆறு எது என்று சொல்வார்.

எங்கள் மண்டபத்தில் புள்ளியில்லாத பழைய கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆய்வு மாணவர் யாராக இருந்தாலும் உங்கள் இதழ் வழியாக எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர்களோடு உட்கார்ந்து படிக்க நாங்கள் தயார். அந்தப் பெண்ணும் இப்போது அந்த நேரத்துக்குத்தான் வருகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்