வீட்டுத்திட்டப் பணமும் கட்டடப் பொருட்களின் விலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வீட்டுத்திட்டத் தவணைப் பணம் வங்கிக்கு வரும் மாதங்களில் மணல், கல், மேசன் கூலி எல்லாம் ஏறிவிடுகின்றன என்றும், அரசாங்கம் மக்களுக்குக் கொடுப்பதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார் என்றும் உங்களிற் சிலர் எங்களிடம் நேரிலேயே சொன்னீர்கள். நியாயமான கேள்வி அது. அதற்கு மறுமொழி சொல்ல நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் இந்திய அரசின் உதவிப்பணத்தில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டத்தில், புதிய வீட்டுக்கு 550,000 ரூபாயும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாயும், வேலை நடந்தேறிய அளவுக்குத் தவணைகளாக வழங்கப்பட்டன. வீட்டுக்காரரே நின்று கட்டிய அத்திட்டத்தை நாங்கள் இன்றும் நல்ல திட்டமென்றே கருதுகிறோம். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக ஒரே காலத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். எல்லோருக்கும் மாரிக்கு முன் கூரை ஏறவேண்டியிருந்தது. அந்த வேகத்துக்கு மேசன்மாரும் பெருகவில்லை, மணல் அள்ளும் அனுமதிகளும் பெருகவில்லை. கொடுத்த தொகை அப்படியே நிற்க, கூலியும் மணல் விலையும் ஏறின. நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்த குடும்பங்கள் பல. எங்கள் கடன் கொப்பியில் அந்த ஆண்டுகளின் கணக்குச் சில இன்னும் தீராமல் இருக்கின்றது. அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

இது வன்னிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை, புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குவோருக்கு விலையில் 20 வீதம் வரையும், 2016 முதல் லண்டனில் 40 வீதம் வரையும் அரசாங்கமே கடன் கொடுத்தது; அங்குள்ள உங்கள் உறவினர் சிலர் அதனால் வீடு வாங்கியிருக்கவும் கூடும். லண்டன் பொருளியற் கல்லூரி ஆய்வாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தபோது, கட்ட இடம் கிடைப்பது அரிதான லண்டன் எல்லையோரம் புதிய வீடுகளின் விலை ஏறியதேயன்றி வீடுகள் கூடவில்லை என்றும், இடம் தாராளமாக உள்ள வேல்ஸ் எல்லையோரம் விலை ஏறாமலே வீடுகள் கூடின என்றும் கண்டார்கள். எங்கே கட்டுவதற்கு வழி இருக்கிறதோ அங்கே உதவிப்பணம் வீடாகிறது. எங்கே வழி அடைபட்டிருக்கிறதோ அங்கே அது விலையாகிறது.

நம் ஊரில் அடைபடுவது மணலும் மேசன்மாரின் கைகளுமே. சீமெந்து வெளியிலிருந்து வருவதால் பெரும்பாலும் கேட்ட அளவுக்கு வந்துசேரும். 2022இல் 50 கிலோ பை 3,000 ரூபாயைத் தாண்டியதற்கு முக்கிய காரணம் ரூபாயின் வீழ்ச்சி. அதில் வீட்டுத்திட்டத்துக்குப் பங்கில்லை.

ஆகவே, தவணைக் கடிதத்தோடு வரும் பயனாளிக்குச் சீமெந்து, கம்பி, கூரைத் தகரம் ஆகியவற்றின் அன்றைய விலையை 45 நாட்களுக்கு மாற்றாமல் எழுதித் தருவோம். மணலுக்கு அப்படி வாக்குக் கொடுக்க எங்களால் இயலாது. ஏற்றுக்கூலி உட்பட நாங்கள் கொடுத்த விலையைப் பற்றுச்சீட்டோடு காட்டுவோம். சுவருக்கான சீமெந்துக் கல்லை வெயில் காலத்திலேயே அரிந்து (அச்சில் வார்த்து) அடுக்கிவையுங்கள். ஒரே ஒழுங்கையில் நாலைந்து வீடுகள் எழுவதாயின் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குமாறு உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். ஒரே மேசன் குழு எல்லா வீட்டுக்கும் வரக்கூடியதாக இருக்கும். தவணைகளை ஊர்வாரியாக இடைவெளிவிட்டு வழங்குமாறு பிரதேச செயலகத்தைக் கேட்கும் மனு ஒன்று கடையில் உள்ளது. விரும்பியவர்கள் வாசித்துக் கையொப்பமிடலாம்.

இங்ஙனம்,
கடை நிர்வாகம்,
கிளிநொச்சி