மார்வலெட்ஸ் ஏன் இன்னும் வெளியே?

இசைக்கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும், கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் நியமனக் குழுவினருக்கு,

வணக்கம். மார்வலெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் பாடகிகள் குழு யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுக்கான வாக்குச்சீட்டிலும் 2015-க்கானதிலும் அந்தப் பெயரை அச்சிட்டவர்களே நீங்கள்தான். இரண்டு தடவையும் போதிய வாக்கு விழவில்லை. சரி, தேர்தல் என்றால் அப்படித்தான். ஆனால் 2012-இல் தனிக்குழு ஒன்றை அமைத்து, முன்பு விட்டுப்போனவர்கள் என்று மிராக்கிள்ஸ் உள்ளிட்ட ஆறு குழுக்களைச் சேர்த்தீர்களே, அதே வழியில் மார்வலெட்ஸையும் சேருங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

1961-இல் வந்த ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’தான் பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசையில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்தது. அந்த நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டி உங்கள் மண்டபத்தில் இருக்கிறார். அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த மார்வின் கே இருக்கிறார். எழுதியவர்களில் ஒருவரான பிரையன் ஹாலண்ட் இருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அதைத் தங்கள் ஆல்பத்தில் பாடிய பீட்டில்ஸும் இருக்கிறார்கள். முதலில் பாடிய பெண்களைத்தான் காணோம். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையிலும் அவர்கள் முகம் கிடையாது. ஒரு தபால் பெட்டிதான் இருந்தது. பழக்கதோஷம்போல.

அந்தப் பாட்டை எழுதிய ஐவரில் ஜார்ஜியா டாபின்ஸும் ஒருவர். சொந்தப் பாட்டு கொண்டுவாருங்கள் என்று மோட்டவுன் சொன்னதும், தெரிந்தவரிடம் இருந்த ஒரு ப்ளூஸ் பாட்டை வாங்கி, தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தானே மாற்றி எழுதினார். ஆனால் வீட்டில் தாய்க்கு உடம்பு சரியில்லை, ஒப்பந்தத்துக்குத் தந்தை சம்மதிக்கவில்லை. இசைத்தட்டு வருவதற்குள் குழுவைவிட்டே விலகிவிட்டார்.

முன்னணிக் குரல், குழு தொடங்கிய மிச்சிகன் மாநில ஊரான இங்க்ஸ்டரின் பள்ளி மாணவி கிளாடிஸ் ஹார்ட்டனுக்கு வந்தது. வளர்ப்பு வீடுகளில் வளர்ந்த பெண் அவர். 1967-இல் குடும்பத்துக்காக விலகி, 1980-களில் மறுபடி மேடையேற நினைத்தபோது ‘மார்வலெட்ஸ்’ என்ற பெயர் அவருடையதாக இல்லை. பெயரின் உரிமை வேறொரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கையில் இருந்தது. இங்க்ஸ்டருக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத பாடகிகள் அந்தப் பெயரில் ஊர் ஊராகப் பாடினார்கள். அசல் குரலுக்குச் சொந்தக்காரி ‘மார்வலெட்ஸின் கிளாடிஸ் ஹார்ட்டன்’ என்று விளம்பரம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட போலிக் குழுக்களைத் தடுக்கப் பிற்பாடு பல மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தன. கிளாடிஸுக்கு அது காலம் கடந்த உதவி. 2011 ஜனவரியில் அவர் இறந்தார். உங்கள் முதல் வாக்குச்சீட்டைக்கூட அவர் பார்க்கவில்லை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். அந்தப் பெயரை யார் யாரோ போட்டுக்கொண்டு சம்பாதித்தார்கள். உண்மையில் அது யாருடைய பெயர் என்று ஊரறியப் பொறித்துவைக்க உங்களால் முடியும். மார்வலெட்ஸைச் சேருங்கள்.

‘டோன்ட் மெஸ் வித் பில்’ பாடிய வாண்டா யங் 2021-இல் போனார். அதை அவருக்கு எழுதிக்கொடுத்த ஸ்மோக்கி ராபின்சன் 1987-இலேயே உள்ளே வந்துவிட்டார். ஜார்ஜியா 2020-இல் போனார். தொடக்கம் முதல் கடைசிவரை குழுவில் நின்ற கேத்ரின் ஆண்டர்சன் 2023-இல். இன்னும் யார் போகவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்? 2006-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் இசைக்குழுவினர் உங்கள் கௌரவமே வேண்டாம் என்று கையால் வசை எழுதி அனுப்பினார்கள். அவர்களை மறக்காமல் சேர்த்துக்கொண்டீர்கள். ஒருவேளை இந்தப் பெண்களும் நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் வேலை நடந்திருக்குமோ என்னவோ.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் மார்வலெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் பொறிக்கும்போது கிளாடிஸ், வாண்டா, கேத்ரின், ஹுவானிடா கவர்ட், ஜார்ஜியானா டில்மன் ஆகியோருடன் ஜார்ஜியா டாபின்ஸையும் சேருங்கள். இசைத்தட்டில் அவர் குரல் இல்லை என்று யாராவது விதி காட்டினால், பாட்டு எப்படி வந்தது என்று அவர்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
மோட்டவுன் பாடல்களின் தமிழ் ரசிகன்