ஓடுவதற்கு முன் இழுத்துப் பிடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உடற்பயிற்சிப் பக்கத்தில், ஓடுவதற்கு முன் குனிந்து கால்விரலைத் தொட்டபடி இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லியிருந்தீர்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். மறுநாளே பையன்கள் அப்படி நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நிற்க நிற்கக் கை இன்னும் கீழே எட்டும்; சதை இளகிவிட்டது என்று நினைப்போம். பாதிதான் உண்மை. தசையின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது. இழுப்பைப் பொறுத்துக்கொள்ள உடம்பு பழகுவதும் இன்னொரு காரணம். ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினால், தாண்டினால், பலம் சற்றுக் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் அந்தச் ‘சற்று’தான் தேர்ச்சியைத் தீர்மானிக்கும். 30 விநாடிக்குள் என்றால் பாதிப்பு மிகக் குறைவு. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

மார்கழிக் காலை ஐந்தரை மணிக்கு உடம்புக்கு வேண்டியது சூடு. ஐந்து நிமிடம் மெதுவோட்டம், அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுவது, முட்டியை உயர்த்தி நடப்பது, கடைசியில் வேகத்தைக் கூட்டி இரண்டு மூன்று சின்ன ஓட்டம். சூடேறிய தசை தானே இளகும், வேகமாகவும் சுருங்கும். கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற 20 நிமிட வார்ம் அப்பும் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

தேர்வு நாளில் இன்னொரு சிக்கல். பிள்ளைகள் ஆறு மணிக்கே வார்ம் அப் முடித்துவிட்டு, எண்ணைக் கூப்பிடும்வரை தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஏறிய சூடெல்லாம் இறங்கிவிடும். என்னிடம் பயின்ற ஒரு பையன் அப்படி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து ஓடினான். பாதித் தூரத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஒரு வருட உழைப்பு! தனக்கு முன் பத்துப் பேர் இருக்கும்போதே எழுந்து நின்ற இடத்தில் குதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

நீண்ட இழுப்பைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அடுத்த உடல்தகுதித் தேர்வுக்கு முன், கால் வீசும் முறைகளைப் படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். மைதானத்துச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்