செயலாளரின் ஆண்டறிக்கை: சங்கத்தின் சுழியோடிக் கைக்கடிகாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அன்பான அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்தில் இச்சபை எடுத்த தீர்மானத்தின்படி, பழம்பெரும் சுவிஸ் கடிகார நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து எமது சங்கத்துக்கென ஒரு சுழியோடிக் கைக்கடிகாரத்தை வடிவமைக்கும் வேலையே இவ்வாண்டில் எமது நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஏரிப் பயிற்சிகளும் முதலுதவி வகுப்பும் வழமைபோல் நடந்தன. அவற்றின் விபரம் பயிற்சிப் பொறுப்பாளரின் அறிக்கையிலும், வரவு செலவு பொருளாளரின் அறிக்கையிலும் உள்ளதால், இங்கு கடிகாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எம்முடன் இணைந்த நிறுவனம் ஜூரா மலைப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. கடிகாரம் வெளிவரும்வரை அதன் பெயரைப் பொதுவில் சொல்வதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதால் இவ்வறிக்கையிலும் அதைத் தவிர்க்கிறேன். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் வாழும் எமது அங்கத்தவர்களிற் பலர் வார நாட்களில் கடிகாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்து, ஓய்வு நாட்களில் ஏரியில் இறங்குபவர்கள். கடிகாரத்தைப் பூட்டத் தெரிந்த கையும் அதைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும் கையும் ஒரே சங்கத்தில் இருப்பது அரிது. நிறுவனம் எமது கோரிக்கையை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே முதற்காரணம் என்று அவர்களது வடிவமைப்புப் பொறுப்பாளர் முதற் சந்திப்பிலேயே கூறினார்.

நல்ல சுழியோடிக் கடிகாரங்கள் பெரும்பாலும் இவ்வாறான கூட்டு முயற்சியிலேயே பிறந்திருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் நீர்மூழ்கிப் போர்வீரர் அணியை அமைத்த ரொபேர் மலூபியே, குளோட் ரிஃபோ ஆகிய இருவரும் தமக்குத் தேவையான கடிகாரம் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டு தயாரிப்பாளர்களைத் தேடினார்கள். அப்போது பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக் ஃபீக்டர் தாமே சுழியோடியாக இருந்ததால், அவர்கள் கேட்டது எது, ஏன் கேட்டார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கியது. 1953இல் வந்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் கடிகாரம் அதன் விளைவு. 1967இல் டொக்ஸா நிறுவனம் வெளியிட்ட சப் 300 கடிகாரத்துக்கு, பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவில் இருந்த குளோட் வெஸ்லி ஆலோசகராக இருந்தார். அதன் செம்மஞ்சள் முகப்பு நொய்ஷத்தல் ஏரியில் இறங்கிச் சோதித்துத் தெரிவு செய்யப்பட்டது. இந்த இரண்டு கதைகளிலும் தயாரிப்பாளர் தம் பெயரை முன்னிறுத்தாமல் தண்ணீருக்குள் போகிறவரின் பேச்சைக் கேட்டார் என்பதையே எமது வடிவமைப்புக் குழு முன்மாதிரியாகக் கொண்டது.

இன்று எமது அங்கத்தவர் அனைவரும், ஆழத்தையும் நேரத்தையும் அளந்து மேலேறும் முறையைச் சொல்லும் சுழியோடிக் கணினியைக் கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். அப்படியிருக்கக் கைக்கடிகாரம் எதற்கு என்ற கேள்வி நிர்வாக சபையிலேயே எழுந்தது, எழுந்தது நல்லதே. கணினியின் மின்கலம் தீர்ந்தாலோ திரை மங்கினாலோ, ஆழமானியும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று காட்டும் அட்டவணையும், நேரமும் இருந்தால் ஒருவர் ஒழுங்காக மேலேறிவிடலாம். ஆகவே இந்தக் கடிகாரத்துக்கு உள்ள கடமை ஒன்றேயொன்று: நீரில் இறங்கி எத்தனை நிமிடங்கள் ஆயின என்பதைத் தவறின்றிச் சொல்வது. அந்தக் கடமைக்கு உதவாத எதையும் சேர்ப்பதில்லை என்று குழு முதலில் முடிவு செய்தது. பின்னர் வந்த விவாதங்கள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்தே தீர்ந்தன.

மிக நீண்ட விவாதம், இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்க முகப்பைச் சுற்றித் திருகும் சுழல்வளையத்தைப் பற்றியது. அது இடப்புறமாக மட்டுமே சுழலவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பாறையிலோ கயிற்றிலோ தட்டுப்பட்டு வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே தோன்றும், சுழியோடி முன்னதாக மேலேறுவார், ஆபத்து நேராது. சிக்கல் வளையத்தின் விளிம்பில் இருந்தது. எமது ஏரிகளில் கோடையிலும் மேல்நீரைத் தாண்டி இறங்கினால் ஐந்தாறு பாகை வெப்பநிலைதான். தடித்த கையுறை இல்லாமல் அங்கு எவரும் நிற்க முடியாது. நிறுவனம் தனது 1960களின் கடிகாரமொன்றிலிருந்து எடுத்துக் காட்டிய மெல்லிய, நாணய விளிம்பு போன்ற வளையம் பார்வைக்கு மிக அழகாக இருந்தது. ஆனால் கையுறை விரலுக்கு அது அகப்படவில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த பல மாதிரிகளை அங்கத்தவர்கள் ஏரிக்குள் கொண்டுபோய்த் திருகிப் பார்த்தார்கள். இறுதியில், கடிகாரத்தின் உடலைவிடச் சற்றே வெளியே நீண்டு, ஆழமான பற்களுடன் அமைந்த வளையம் தெரிவானது. அது 120 சொடுக்குகளுக்குப் பதிலாக 60 சொடுக்குகளில் ஒரு சுற்று வரும். ஒவ்வொரு சொடுக்கும் ஒரு முழு நிமிடம் என்பதால், விரல் மரத்திருக்கும் வேளையிலும் அது நின்ற இடம் கைக்குத் தெரியும்.

வளையத்தில் தமிழ் எண்களைப் பொறிக்கவேண்டும் என்று சில அங்கத்தவர்கள் உணர்வுடன் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆசையை நானும் மதிக்கிறேன். எனினும் மங்கிய நீரில் ஒரே பார்வையில் படிக்கவேண்டிய இடத்தில், பயிற்சியிலும் அட்டவணையிலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் இலக்கங்களே இருக்கவேண்டும் என்று குழு தீர்மானித்தது. ஆழத்துக்கேற்ற நேர எல்லைகளை வளையத்திலேயே பொறிக்கும் டொக்ஸாவின் முறையைப் பின்பற்றலாம் என்ற யோசனையையும் இதே காரணத்தால் கைவிட்டோம். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை 60 அடி ஆழத்தில் 60 நிமிடங்களை அனுமதித்தது. பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கென்று பின்னர் வந்த அட்டவணைகள் பல அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கின்றன. மாறிக்கொண்டே இருக்கும் பாதுகாப்பு விதியை உருக்கில் வெட்டி வைப்பது சரியன்று.

முகப்பு கறுப்பு. மணி முள் சிறியது. நிமிட முள் அகன்றது, செம்மஞ்சள் நிறமானது. நீருக்குள் மணி எத்தனை என்று எவரும் பார்ப்பதில்லை, நிமிடத்தையே பார்க்கிறார்கள் என்பதை 1970இல் வந்த ஒமேகாவின் புளோப்ரொஃப் கடிகாரம் அதன் பெரிய செம்மஞ்சள் நிமிட முள்ளினால் தெளிவாகக் காட்டியது. திகதிச் சாளரம் இல்லை. அது இல்லாதபோது திகதிக்குரிய பற்சக்கரங்களும் இருக்கக் கூடாது என்று எமது தொழிற்சாலை அங்கத்தவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். திகதி கொண்ட இயந்திரத்தை அப்படியே வைத்து முகப்பால் மூடிவிட்டால், சாவிக் குமிழை இழுக்கும்போது ஒரு வெற்று நிறுத்தம் வரும். நேரம் மாற்றுகிறோம் என்று நினைத்து ஒன்றும் நடக்காமல் திருகிக்கொண்டிருப்போம். நிறுவனம் செலவு கூடினாலும் இதை ஏற்றுக்கொண்டது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

ஒளிர்பூச்சின் நிறம் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து ரேடியமும் அதன்பின் வந்த ட்ரிட்டியமும் ஆண்டுகள் செல்லப் பழுப்பேறின. அந்தப் பழுப்பைப் புதிய பூச்சில் செயற்கையாகக் கலந்து பழமைத் தோற்றம் தருவது இப்போது பரவலான வழக்கம். நிறுவனத்தின் முதல் வரைபடமும் அவ்வாறே இருந்தது. வயதாகாத ஒன்றுக்கு வயதின் நிறத்தைப் பூசுவதை எமது குழு விரும்பவில்லை. அதைவிட முக்கியமாக, நிறமி கலந்த பூச்சு வெளிர்நிறப் பூச்சின் அளவுக்கு ஒளிர்வதில்லை. கதிரியக்கமற்ற இன்றைய சூப்பர் லுமினோவா, ஒளியை வாங்கிவைத்துத் திருப்பித் தருவது. கைவிளக்கைச் சில கணங்கள் காட்டினால் இருண்ட ஏரியில் வேண்டிய வெளிச்சம் கிடைக்கிறது. ஆகவே பச்சையாய் ஒளிரும் பூச்சே முட்களிலும், வளையத்தின் தொடக்கப் புள்ளியிலும் இடப்படுகிறது.

கடிகாரம் 200 மீற்றருக்குரியதாக அமைகிறது. 300 வேண்டும், 600 வேண்டும் என்ற குரல்களும் இருந்தன. பீல் ஏரியின் மிக ஆழமான இடமே 74 மீற்றர்தான். நாமோ அதன் பாதிக்கும் இறங்குவதில்லை. எண்ணிக்கை கூடக்கூட உடலும் கண்ணாடியும் தடிக்கும். தடித்த கடிகாரம் உடையின் கையில் சிக்கும். ஹீலியம் வெளியேற்றும் அடைப்பிதழும் இதே காரணத்தால் நீக்கப்பட்டது. அமுக்க அறைகளில் நாட்கணக்காக ஹீலியம் கலந்த வளியைச் சுவாசித்து வாழும் தொழில்முறைச் சுழியோடிகளின் கடிகாரத்துக்குள் அந்த வாயு நுழைந்து, அமுக்கம் குறையும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியைத் தள்ளும். அதற்காகவே அந்த அடைப்பிதழ் கண்டுபிடிக்கப்பட்டது. எமக்கு அது உடலில் இன்னுமொரு துளை மட்டுமே.

சுழியோடிக் கடிகாரங்களுக்கான சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ 6425ஐ முழுமையாக நிறைவேற்றவேண்டும் என்ற எமது நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளது. அதன்படி ஒவ்வொரு கடிகாரமும், மாதிரிக்கு ஒன்று என்றில்லாமல் தனித்தனியாக, குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலான நீரமுக்கத்தில் சோதிக்கப்படவேண்டும். அதாவது எமது கடிகாரம் 250 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தைத் தாங்கவேண்டும். இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் தெரியவேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரியவேண்டும் என்பதால் விநாடி முள்ளின் நுனியும் ஒளிர்கிறது. உப்புநீர், காந்தப்புலம், அதிர்ச்சி, 40 பாகையிலிருந்து 5 பாகைக்கும் மீண்டும் 40 பாகைக்கும் மாறும் வெப்பநிலை ஆகிய சோதனைகளும் உள்ளன. இவ்வாண்டு மாதிரிக் கடிகாரங்கள் இவற்றில் சிலவற்றைக் கடந்துவிட்டன, எஞ்சியவை நடைபெறுகின்றன.

பட்டி விடயத்தில் ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டோம். ஆழத்தில் சுழியோடி உடையின் நியோபிரீன் அமுக்கத்தால் மெலிந்துவிட, மேலே இறுக்கமாக இருந்த பட்டி தளர்ந்து கடிகாரம் மணிக்கட்டைச் சுற்றித் திரும்பிவிடும். சீக்கோ நிறுவனம் 1975இல் அறிமுகப்படுத்திய, மடிப்புகள் கொண்டு விரிந்து சுருங்கும் பட்டி இதற்கு விடையாக அமைந்தது. அவ்வகை இரப்பர்ப் பட்டியே எமது கடிகாரத்திலும் இணைகிறது. நீளமும் உலர் உடையின் மேலே கட்டப் போதுமானது.

முகப்பில் நிறுவனத்தின் பெயரும் ஆழ அளவும் மட்டுமே இருக்கும். எமது சங்கத்தின் பெயர் பின்மூடியில் தமிழில் பொறிக்கப்படுகிறது. அதன் நடுவில் ஒரு சங்கு. மன்னார்க் கரையில் சங்கு குளித்த குடும்பத்திலிருந்து வந்த மூத்த அங்கத்தவர் ஒருவரின் முன்மொழிவு அது, ஒருமனதாக ஏற்கப்பட்டது. மூச்சை அடக்கி, இடுப்பில் ஒரு பையுடன் கடலடிக்குப் போன எம் முன்னோரின் தொழிலை இந்தக் கடிகாரத்தில் எங்கேனும் நினைவுகூரவேண்டுமானால், அது உடலைத் தொட்டிருக்கும் பின்பக்கமாக இருப்பதே பொருத்தம் என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

இனி இச்சபையின் முடிவுக்கு உரியவை இரண்டு. முதலாவது விலை. 2017 ஜனவரி முதல், சுவிஸ் தயாரிப்பு என்று பொறிப்பதற்கு உற்பத்திச் செலவில் 60 சதவீதமேனும் இந்நாட்டில் ஆகவேண்டும். இயந்திரம் சுவிஸ் இயந்திரமாக இருந்து, இங்கேயே உடலில் பூட்டப்பட்டு, இங்கேயே இறுதிப் பரிசோதனையும் நடக்கவேண்டும். அந்தப் பொறிப்பு வேண்டும் என்று நாம் கேட்டிருப்பதால் விலை எமது இளைய அங்கத்தவர் பலருக்கு எட்டாததாகிவிடக் கூடாது. எனவே தவணை முறையில் செலுத்தும் ஏற்பாட்டுக்குச் சங்க நிதியிலிருந்து முற்பணம் வழங்க நிர்வாக சபை பரிந்துரைக்கிறது. இரண்டாவது, அங்கத்தவர் அல்லாதோருக்கு விற்பது. நிறுவனம் அதை விரும்புகிறது. ஆனால் பின்மூடியில் எமது பெயரும் சங்கும் உள்ளவை எம்முடன் ஏரியில் இறங்குகிறவர்களுக்கு மட்டுமே என்பதும், பொதுவிற்பனைக்கு வருபவை வெறுமையான பின்மூடியுடன் வரவேண்டும் என்பதும் வடிவமைப்புக் குழுவின் நிலைப்பாடு. நானும் அதையே ஆதரிக்கிறேன்.

ஏரிச் சோதனைகளில் பங்கெடுத்த அங்கத்தவர்களுக்கும், தம் பழைய வரைபடங்களைத் திறந்து காட்டிய நிறுவனத்தின் பணியாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்