நான்காவது மனு: வளைவில் பூட்டிக் கிடக்கும் பொது மலசலகூடத்தைத் திறந்து தருமாறு கோருதல்

2025.03.10

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

விடயம்: சித்திரை சீசனுக்கு முன் பொது மலசலகூடத்தைத் திறத்தல், அல்லது அதன் சாவியை எங்களிடம் தருதல்.

ஐயா,

கண்டி – நுவரெலியா வீதியில், இறம்பொடைக்கும் லபுக்கலைக்கும் இடையிலுள்ள வளைவில் மரக்கறி, தேநீர், ரொட்டி, பூ விற்றுப் பிழைக்கும் 41 குடும்பங்களின் சார்பில் பணிவுடன் எழுதிக்கொள்வது. எந்த வளைவு என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே கண்ணாடித்துண்டு போலத் தெரியும் இடம். போன மாதம் தாங்கள் வாகனத்தை நிறுத்தி லீக்ஸும் கரட்டும் வாங்கிய இடம். கரட் கட்டிக் கொடுத்தவள் நான்தான். நீலக் கதவுகளோடு பின்னால் ஒரு கட்டடம் நிற்பதையும் அன்று பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றியதுதான் இந்த மனுவும்.

முதல் மனுவை 2023 ஓகஸ்டில் நேரில் கொடுத்தோம். இரண்டாவதை 2024 பெப்ரவரியில் நடமாடும் சேவையில் கொடுத்தோம். ஓர் இலக்கம் எழுதிய துண்டுச்சீட்டு கிடைத்தது. மூன்றாவது, நவம்பரில் பதிவுத் தபாலில் போனது. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. தாங்கள் இங்கு புதிதாகப் பொறுப்பேற்றவர் என்பதை அறிவோம். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறோம்.

1. 2018ஆம் ஆண்டில் நாட்டுக்கு 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். அன்று இந்த வளைவில் ஆறே கடைகள். நான் நுவரெலியாவில் ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தேன். இந்த மலசலகூடமும் அந்த ஆண்டில்தான் கட்டப்பட்டது. பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு இரண்டு, வாசலில் பெயர் பொறித்த சலவைக்கல். நாடா வெட்டிய அன்று எங்களுக்கும் பாற்சோறு கிடைத்தது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து விமான நிலையத்தையே மூடினார்கள். விடுதியில் "ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்" என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. மலசலகூடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும், வருமானம் இல்லாமல் பூட்டிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2021 முழுவதிலும் நாட்டுக்கு வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. அவர் யாரிடம் காசு வாங்குவார்?

2. வேலை போனவர்கள் எல்லோரும் இந்த வீதிக்குத்தான் வந்தோம். விடுதிச் சமையற்காரர், வேன் சாரதி, கொழும்பில் கடையில் நின்ற பிள்ளைகள், ஆறு கடை நாற்பத்தொன்றானது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது கரட் விரல் தடிப்பில் வந்தது. அதையும் கட்டி விற்றோம். 2022இல் டீசல் இல்லை, காஸ் இல்லை, ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றர் பெற்றோல். வெளிநாட்டார் வராத அந்த நாளில் எங்களைக் காப்பாற்றியவர்கள் கண்டி, குருணாகல், மட்டக்களப்பு என்று உள்நாட்டிலிருந்து எப்படியோ ஏறி வந்த குடும்பங்கள். காஸ் இல்லாமல் விறகடுப்பில் ரொட்டி சுட்டோம். அந்த ரொட்டியையும் கட்டைச்சம்பலையும் இன்று வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். காஸ் வந்தபிறகும் நாங்கள் அடுப்பை மாற்றவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாப்பாட்டுக்கு இப்படி ஒரு மவுசு வரும் என்று என் மாமியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். இவ்வளவையும் அரசாங்கத்திடம் ஒரு ரூபாய் கேட்காமல் செய்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை, எங்களைக் கையேந்துகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

3. இப்போது ஆட்கள் வருகிறார்கள். 2022இல் 7 இலட்சம், 2023இல் ஏறத்தாழ 15 இலட்சம், போன ஆண்டு 20 இலட்சத்துக்கு மேல். இந்த ஜனவரியில் மட்டும் இரண்டரை இலட்சம். எல்லாம் வானொலியில் சொன்ன கணக்கு. எங்கள் கணக்கு வேறு. 2023இல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய பஸ்கள் இங்கு நின்றன. இன்று இரண்டு நின்றால் நல்ல நாள். வீதியில் ஓடும் பஸ்கள் கூடியிருக்கின்றன, நிற்கும் பஸ்கள் குறைந்திருக்கின்றன. காரணத்தை ஒரு வழிகாட்டித் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, கண்டியிலிருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் முட்டிக்கொண்டு வரும். உங்கள் வளைவில் இறக்கினால் எங்கே அனுப்புவது?" என்றார். மேலே தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடுவிரித்த, தண்ணீர் வரும் மலசலகூடங்கள் இருக்கின்றன. பஸ் அங்கே நிற்கிறது. நின்ற இடத்தில் தேநீர் குடிக்கிறார்கள், தேயிலை வாங்குகிறார்கள், பிறகு எங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஐயா, பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதை அருவியோ நீர்த்தேக்கமோ தீர்மானிப்பதில்லை. மலசலகூடம்தான் தீர்மானிக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி பற்றிக் கூட்டம் போடுகிறவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

போன தை மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு யாத்திரை பஸ் வந்தது. இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, சீதையம்மன் கோயில் உள்ள சீதா எலிய போகிறவர்கள். முப்பத்தெட்டுப் பிளேன்டீ கேட்டார்கள். ஊற்றி வரிசையாக வைத்தேன். அதற்குள் வயதான அம்மாக்கள் நான்கைந்து பேர் நீலக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பூட்டியிருக்கே, வேறெங்கேம்மா?" என்று கேட்டார்கள். என் வீட்டைக் காட்டினேன். அறுபத்து மூன்று படி. ஓர் அம்மா ஏழாவது படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சாரதி ஹோர்ன் அடித்தார், எல்லோரும் ஏறிப் போனார்கள். பாதித் தேநீர் கோப்பையிலேயே ஆறியது. காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், அதைப் பற்றி நான் பேசவில்லை.

4. வந்து போகிறவர்கள் அரை மணி நேரம் தாங்கிக்கொள்வார்கள். நாங்கள் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும்வரை நிற்கிறோம். நாற்பத்தொரு கடையில் முப்பத்து மூன்றில் பெண்கள். இதை ஆண்கள் எழுதினால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள் என்றுதான் என்னை எழுதச் சொன்னார்கள். நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. தேநீர்க்கடை வைத்திருக்கிறேன், ஐயா. மதியம்வரை ஒரு வாய் தேநீர் குடிப்பதில்லை. மூன்று பேருக்கு மூத்திரக் கடுப்பு வந்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். குடித்தால் எங்கே போவது என்று அவர் எழுதவில்லை. மாதவிடாய் நாட்களில் கடையைச் சாத்துகிறோம். மாதத்தில் மூன்று நாள் வருமானம் அப்படியே போகிறது. முடியாதபோது தேயிலை மலைக்குள் இறங்க வேண்டும். மழை நாளில் அட்டை கடிக்கும். வெயில் நாளில் கீழே வீதியில் நிற்பவன் கையில் கமரா. போன கார்த்திகையில் பூ விற்கும் அக்கா ஒருவர் ஈரத்தில் சறுக்கிக் கை முறிந்தார். பயணிகளும் அதே மலைக்குள்தான் இறங்குகிறார்கள். மறுநாள் விடிய, 1350 ரூபாய் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்க வரும் எங்கள் தங்கச்சிமார் அதற்குள்தான் கால் வைக்கிறார்கள். அதைத் தாங்களே நினைத்துப் பாருங்கள்.

5. என் வீட்டு மலசலகூடத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினேன் என்று யாரோ தங்களுக்கு எழுதியிருப்பதாகக் கேள்வி. உண்மைதான். வாளியோடு என் மாமியார் காவல் இருந்தார். எட்டு மாதத்தில் குழி நிறைந்தது. இப்போது எங்களுக்கே இல்லை.

6. தண்ணீர் இல்லை என்பதால் திறக்க முடியாது என்றார்கள். மேட்டு லயத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்து 200 மீற்றர் குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும், மோட்டார்கூட வேண்டாம். தோட்டத் தலைவரிடம் பேசிவிட்டோம். குழாய்க்கான பணத்தை நாங்களே சேர்த்து வைத்திருக்கிறோம். பிறகு கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோர வேண்டும் என்றார்கள். பிறகு கட்டடம் யாருடையது என்று தெளிவில்லை என்றார்கள். இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. சலவைக்கல்லில் பெயர் பொறித்தபோது தெளிவாக இருந்ததே, ஐயா? ஏழு பெயர் இருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவரிடமுமா சாவி இல்லை?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எழுதியதை அடித்து அழிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

7. நாங்கள் கேட்பது புதிய கட்டடம் அல்ல, நிவாரணமும் அல்ல. ஏப்ரல் முதலாம் திகதி நுவரெலியாவில் சீசன் தொடங்குகிறது. ஒரு மாதத்துக்கு இந்த வீதி நிறைய வாகனம். அதற்குமுன் திறந்து தாருங்கள். நடத்த ஆள் இல்லையென்றால் எங்கள் சங்கத்திடம் ஓர் ஆண்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். பயணிகளிடம் 100 ரூபாய், உள்ளூரார் 50, பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொழுந்து பறிப்பவர்களுக்கும் இலவசம். இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தும் மிஞ்சும். கணக்கை மாதாமாதம் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம்.

8. திறந்து தாருங்கள், ஐயா.

9. வளைவுக்கு வளைவு குறுக்குப்பாதையில் ஓடிப் பூ விற்கும் பையன்களைப் பற்றித் தாங்கள் முன்பு விசாரித்தீர்கள். அது தனி மனுவாக வரும்.

41 கையெழுத்துகளும், அவற்றில் ஒன்பது கைநாட்டுகளும், முந்திய மூன்று மனுக்களின் பிரதிகளும், துண்டுச்சீட்டின் நிழற்படப் பிரதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
பணிவுடன்,
வளைவு வீதியோர வியாபாரிகள் சார்பில், தேநீர்க்கடைக்காரி

பின்குறிப்பு: நேற்று பார்த்தேன், பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. சாவி கிடைத்தாலும் திறக்காது. யாரையாவது அனுப்புவதாக இருந்தால், இரும்பு அறுக்கும் வாளும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவும் அலுவலகத்தில் இல்லையென்றால் எங்களிடம் இருக்கிறது. தங்கள் அனுமதிக் கடிதம் மட்டும் போதும்.