அறிக்கையை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்: நெல்லை மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் மருத்துவமனை நடத்திவரும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நிறுவனங்களின் கணினிகளுக்குள் அவர்களுடைய அனுமதியோடு நுழைந்து, திருடன் எந்த வழியாக வருவான் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊடுருவல் சோதனை என்போம், பேச்சுவழக்கில் பென்டெஸ்ட்.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு மருத்துவமனையில் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவன்போல டோக்கன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் பின்னால் சுவரில் ஒரு நெட்வொர்க் பாயிண்ட் சும்மா கிடந்தது. லேப்டாப்பைச் செருகினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ‘பேக்கப்’ என்று பெயர் வைத்த ஃபோல்டர் திறந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. உள்ளே பெயர், செல்போன் எண், ஸ்கேன் படங்கள், எச்ஐவி பரிசோதனை முடிவுகள். நம் ஊரில் அப்படி ஒரு முடிவு தெருவுக்கு வந்தால் அந்த வீட்டில் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோகும். லேப்டாப்பை மூடிவிட்டேன். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அறிக்கையில் பதினொரு குறைகளை எழுதினேன். முதல் மூன்றைச் சரிசெய்யப் பைசா செலவு கிடையாது, ஒரு நாள் வேலை. நிர்வாகி அன்பாகத்தான் பேசினார். “நம்மகிட்ட திருடுறதுக்கு என்ன தம்பி இருக்கு? துட்டெல்லாம் பேங்க்லல்லா கிடக்கு!” அறிக்கை பீரோவுக்குப் போனது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீநிரல். எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தன. பேக்கப்பும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அதுவும் போய்விட்டது. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த ஆச்சி ஒருத்தி, பேரனின் பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்டு, மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி கவுண்டரில் நின்றாள். கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை.

இது சின்ன ஆஸ்பத்திரிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சர்வர்களே முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதித்தான் வேலை நடந்தது. நம் மாவட்டத்துக்கே வருவோம். 2019 அக்டோபர் 30 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்த ‘தனியாக’ என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் காத்திருப்புக் கூடத்து வைஃபை, சிசிடிவி, லேப் கணினி, பில்லிங் எல்லாம் இன்று ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில்தானே தொங்குகின்றன?

சோதனை என்ற பெயரில், கணினிக் குறைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் மென்பொருளை ஓடவிட்டு, அது துப்பிய நூறு பக்கத்தை பைண்டு செய்து கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. “எந்த வழியாக உள்ளே போனீர்கள், எதுவரை போனீர்கள், படத்தோடு காட்டுங்கள்” என்று கேளுங்கள். சரிசெய்த பிறகு மறுசோதனை உண்டா என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன்; அது அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் பொதுவெளியில் கிடைக்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள்: எந்தக் கணினிகள், எந்த நேரத்தில், ஏதாவது நின்றுபோனால் யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐசியூ கருவிகளை நோயாளி படுத்திருக்கும்போது சோதிக்கவே கூடாது. பழைய கருவி சில நேரம் அந்த மென்பொருளின் வெறும் ஸ்கேனுக்கே நின்றுவிடும்.

இன்னொன்று. அறிக்கை வந்ததும், சிஸ்டம் பார்க்கிற தம்பியை நிற்க வைத்துத் திட்டாதீர்கள். பிரிண்டர் டோனர் மாற்றுவதிலிருந்து கேமரா துடைப்பது வரை அவன் தலையில்தான் கட்டியிருக்கிறீர்கள். திட்டு வாங்கியவன் அடுத்த முறை மறைப்பான். மறைக்க இங்கே நேரமும் கிடையாது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள், என்ன நடந்தது என்று கணினி குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் தரைத்தளத்து சர்வரும், அதே அறை அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகச் சேற்றில் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு பிரதியாவது வேறு இடத்தில், எந்த ஒயரோடும் சேராமல் இருக்கட்டும்.

நாளைக் காலை அந்தத் தம்பியை அறைக்குக் கூப்பிடுங்கள். போன வருடம் வந்த ஏதாவது ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, பேக்கப்பிலிருந்து மட்டும் அவருடைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பென்டெஸ்டர்